சார்ட்டர்ட் பஸ்ஸுக்கு ஒரு புரோகிராம்

அப்போது டெல்லியில் மெட்ரோ ரயில் நாங்கள் குடியிருந்த மயூர் விஹார் பக்கம் இன்னும் வந்திருக்கவில்லை. லோதி ரோட்டு ஆபீஸ்களுக்குப் போகிறவர்கள் சேர்ந்து ஒரு தனியார் பஸ்ஸை அமர்த்திக்கொள்வோம். சார்ட்டர்ட் பஸ் என்று அதற்குப் பெயர். தினமும் அதே ஆட்கள், அதே இருக்கை. பின்வரிசையில் பிரீஃப்கேஸை மடியில் வைத்து அதன் மேல் சீட்டாடும் நான்கு பேர். ஜன்னலோரங்களில் ஸ்வெட்டர் பின்னும் பெண்கள். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் நான்.

ஒருநாள் காலை பஸ் நிஜாமுதீன் பாலத்தின் மேல் அரை மணி நேரமாக நகராமல் நின்றது. என் கணவர் புதிதாக வாங்கிக் கொடுத்திருந்த கலர் கைபேசியை எடுத்து அதன் பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு பந்து விளையாட்டு. அதைத் திறந்ததும் விளையாட்டு வருவதற்கு முன்னால் ஒரு கணம் திரையில் ஒரு சொல் தோன்றி மறைந்தது. ஜாவா.

மூடிவிட்டு மறுபடி திறந்தேன். மறுபடியும் அதே சொல். ஜாவா என்பது புரோகிராம் எழுதும் மொழி. அந்த மொழியில் எழுதியதை இந்தக் கைபேசி ஓட்டுகிறது என்றால், இதில் இருப்பது வெறும் போன் அல்ல, கம்ப்யூட்டர். நான் எழுதினாலும் ஓட்டும்.

இதில் என்ன அதிசயம் என்று இன்றைக்கு யாருக்கும் தோன்றும். நான் அப்போது மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் புரோகிராமராக இருபது வருஷத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். சம்பளப் பட்டியல், ஓய்வூதியக் கோப்பு, விடுமுறைக் கணக்கு. எல்லாம் கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதியவை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டிய குளிர் அறையில் பெரிய இயந்திரம் இருக்கும். நான் எழுதிய புரோகிராம் ஓடுவதை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. மாதக் கடைசியில் தாள் தாளாக அச்சாகி வெளியே வரும், அவ்வளவுதான். ஜாவாவை ஆபீசில் இரண்டு வாரப் பயிற்சியில் கற்றுக்கொடுத்தார்கள். சான்றிதழ் மேஜை டிராயரில் கிடந்தது. பயன்படுத்த ஒரு வேலையும் வரவில்லை.

பாலத்தில் பஸ் நகர ஆரம்பித்தது. எனக்கு ஆபீஸ் வருவதற்குள் பொறுமை போய்விட்டது.

போனுக்கு எழுதுவதற்கான மென்பொருள் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் இருந்தது. வீட்டு டெலிபோன் லைன் இன்டர்நெட்டில் அதை இறக்க முயன்றிருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை சமையலை முடித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சிடியைப் போட்டு, வழிகாட்டியில் சொன்னபடி எல்லாவற்றையும் செய்து முடித்தபோது திரையில் ஒரு போனின் படம் வந்தது. நிஜ போன் மாதிரியே எண்களும் பட்டன்களும் இருந்தன. மவுசால் அமுக்கினால் அந்தப் போன் வேலை செய்தது.

முதலில் ஒரே ஒரு சொல்லைத் திரையில் காட்டுகிற புரோகிராமை எழுதினேன். "ஓடுது" என்று ஆங்கில எழுத்துகளில். அது படப் போனில் ஓடியது. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டேன்.

"ஏங்க, இங்க வந்து பாருங்களேன்!"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். எங்கள் இரண்டு பேர் வீடும் திருநெல்வேலிப் பக்கம். டெல்லிக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அவர் பேச்சு மாறவில்லை.

"ஓடுதுன்னு போட்டிருக்கு. எது ஓடுது?"

"நான் எழுதினது."

"சரி. இதுக்கா காலைலேருந்து இந்த இருப்பு இருக்க?" என்றார். ஆனால் போகவில்லை. மவுசை வாங்கி, படத்திலிருந்த எண்களைத் தானும் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார்.

படத்தில் ஓடினால் போதுமா? கையில் ஓட வேண்டும். அடுத்த சனிக்கிழமை நேரு பிளேசுக்குப் போனேன். கம்ப்யூட்டர் சாமான் எதுவானாலும் டெல்லியில் அங்கேதான். நடைபாதை முழுக்கத் தார்ப்பாயை விரித்து சிடி விற்பவர்களைத் தாண்டி, இடுக்கான ஒரு கடையில் போனை நீட்டி, "பையா, இதுக்கு டேட்டா கேபிள் இருக்கா?" என்று இந்தியில் கேட்டேன்.

கடைக்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாட்டு ஏத்தவா மேடம்ஜி? போட்டோ எடுக்கவா?"

"நானே ஒரு புரோகிராம் எழுதியிருக்கேன். அதைப் போனில் போட."

அவர் என் சேலையையும், தோளில் தொங்கிய காய்கறிப் பையையும், மறுபடி போனையும் பார்த்தார். "அச்சா!" என்றார். பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி, மூன்று கேபிள்களை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்து, சரியானதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். "ஓடிச்சுன்னா வந்து காட்டணும்" என்றும் சொன்னார்.

ஓடவில்லை. புரோகிராம் போனுக்குள் போனது. திறந்தால், செல்லாத கோப்பு என்று ஒரு வரி வந்து நின்றது. ஞாயிறு முழுவதும் அதே வரி. திங்கட்கிழமை பஸ்ஸில் போகும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. புரோகிராமோடு ஒரு சிறிய குறிப்புக் கோப்பும் போகும். அதில் புரோகிராமின் அளவு என்ன என்று எழுதியிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஒரு வரியைத் திருத்தியிருந்தேன். புரோகிராமின் அளவு மாறிவிட்டது, குறிப்பில் பழைய அளவே இருந்தது. சில எழுத்துகள்தான் வித்தியாசம். போன் மன்னிக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபோலில் ஒரு முற்றுப்புள்ளி தவறினால் ஒரு ராத்திரி ஓட்டமே பாழாகும். இப்படிப்பட்ட கண்டிப்போடுதான் நான் இருபது வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் அந்த எண்ணைத் திருத்தினேன். கேபிளைச் செருகினேன். போனில் திறந்தேன். என் உள்ளங்கையில் "ஓடுது" என்று வந்தது. எழுத்து வெள்ளைத் திரையில் கறுப்பாக, சின்னதாக, ஒரு மூலையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனேன், பால்கனிக்குப் போனேன், கீழே இறங்கிப் பால் பூத் வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். நான் போன இடமெல்லாம் என் புரோகிராமும் வந்தது! இயந்திரம் இருக்கும் இடத்துக்கு நான் போய்த்தான் பழக்கம்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு மணி நேரம் எழுத உட்கார்ந்தேன். சில விஷயங்களில் எனக்கு இது பிறந்த வீடு மாதிரி இருந்தது. போனில் இடம் மிகக் குறைவு. இத்தனூண்டு புரோகிராம்தான் ஏற்றுக்கொள்ளும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து இயந்திரங்களிலும் அப்படித்தான், ஒவ்வொரு எழுத்துக்கும் யோசித்துத்தான் இடம் கொடுப்போம். அந்தச் சிக்கனம் கையில் அப்படியே இருந்தது. ஆனால் வேறு சிலவற்றைப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. கோபோலில் நான் சொன்ன வரிசையில் இயந்திரம் வேலை செய்யும், நடுவில் யாரும் பேச மாட்டார்கள். போனில் அப்படி இல்லை. என் புரோகிராம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். யாராவது பட்டனை அமுக்கினால்தான் அதற்கு வேலை. நடுவில் அழைப்பு வந்தால் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸில் மும்முரமாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது, "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா" என்று கணவர் கூப்பிட்டார். பேசிவிட்டு வைத்தால் என் புரோகிராமைக் காணோம். கொத்தமல்லியால் செத்துப்போன முதல் புரோகிராம் என்னுடையதாகத்தான் இருக்கும்.

எதற்காக எழுதுகிறேன் என்பது டிசம்பர் கடைசியில் தெரிந்தது. மூடுபனி இறங்கியது. டெல்லியில் அந்தப் பனியில் பத்தடிக்கு அப்பால் இருக்கும் ஆளைத் தெரியாது. எங்கள் பஸ் சில நாள் இருபது நிமிஷம் தாமதமாக வரும், சில நாள் முக்கால் மணி நேரம். எங்கள் ஸ்டாப்தான் முதல். அதற்குப் பிறகு இன்னும் நான்கு ஸ்டாப். கடைசி ஸ்டாப், பாலத்துக்குப் போகும் பெரிய சாலையின் ஓரத்தில். அங்கே ஏறும் ஒரு தமிழ் டீச்சர்தான் என் பக்கத்து இருக்கைக்காரர். லோதி ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் வேலை. சொந்த ஊர் தஞ்சாவூர். அவருக்கு முழங்கால் வலி. ஒருநாள் பஸ் வந்து நின்றபோது அவர் ஒரு கையால் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏறி உட்கார்ந்ததும் கம்பளி கையுறைகளைக் கழற்றி விரல்களை ஊதினார்.

"அம்பது நிமிஷம் மேடம். பஸ் போயிடுச்சா வரலையான்னே தெரியல. வீட்டுக்குப் போனா பஸ் வந்துடுமோன்னு பயம்."

எனக்கு உடனே தோன்றிவிட்டது. முதல் ஸ்டாப்பில் ஏறும் நான் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அடுத்த ஸ்டாப்காரர்கள் எல்லாருக்கும் 'பஸ் கிளம்பிவிட்டது' என்று எஸ்எம்எஸ் போக வேண்டும். அதுவரை அவர்கள் வீட்டிலேயே ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். புரோகிராமே எஸ்எம்எஸ் அனுப்புவதற்கும் ஜாவாவில் வழி இருந்தது.

கணவரிடம் சொன்னேன். அவர் தோசையை மடித்தபடியே, "அதுக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்தா பத்தாதா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "ஒம்பது பேருங்க! ஒவ்வொருத்தருக்கா மிஸ்டு கால் குடுத்துட்டு இருக்க முடியுமா? பஸ் எங்க நிக்குன்னு மிஸ்டு கால்ல தெரியுமா?"

"அதுவும் சரிதான்."

கொஞ்ச நேரம் கழித்து நானே சொன்னேன். "பத்தாதுன்னு இல்லங்க. எழுதணும்னு ஆசையா இருக்குல்லா."

"அத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன?" என்று அவர் சிரித்தார். மறுநாளிலிருந்து காலைத் தோசையை அவர்தான் சுட்டார்.

ஒரு வாரத்தில் எழுதி முடித்தேன். ஒன்பது பேரிடமும் எண்களை வாங்கிப் புரோகிராமுக்குள்ளேயே எழுதினேன். வீட்டுப் படப் போனில் பொய்யாக அனுப்பிப் பார்த்தேன், எல்லாம் சரி. மறுநாள் காலை நல்ல பனி. பஸ்ஸில் ஏறி, உட்காரக்கூட இல்லை, பட்டனை அமுக்கினேன். போன் அப்படியே உறைந்துவிட்டது. எந்தப் பட்டனுக்கும் பதில் இல்லை, அணைக்கவும் முடியவில்லை. பின்மூடியைக் கழற்றி பேட்டரியை எடுக்கும்போது பஸ் ஒரு குழியில் இறங்கியது. பேட்டரி கையிலிருந்து துள்ளி இருக்கைக்குக் கீழே போய்விட்டது. சீட்டாடும் நால்வரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தரையில் குனிந்து தேடினார்கள். "மேடம்ஜி, என்ன வெடிகுண்டா செய்யுறீங்க?" என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்து இந்தியில் கத்தினார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் மனசுக்குள், ஏன் உறைந்தது, ஏன் உறைந்தது என்று ஓடிக்கொண்டே இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. எஸ்எம்எஸ் அனுப்பும் முன் நிஜப் போன் நம்மிடம் அனுமதி கேட்கும், படப் போன் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைத் திரையில் காட்ட, நான் அமுக்கிய பட்டனின் வேலை முடிந்து திரை ஓய்வாக வேண்டும். பட்டனின் வேலையோ எஸ்எம்எஸ் போய்ச் சேர்ந்தால்தான் முடியும். வாசலில் இரண்டு பேர் நீங்க முதலில், நீங்க முதலில் என்று நிற்பது மாதிரி. அனுப்பும் வேலையைத் தனி ஓட்டமாகப் பிரித்துவிட்டால் போதும். இப்படி இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும்படி நான் அதுவரை எழுதியதே இல்லை. புரிந்த கணத்தில் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

மறுபடி பனி, மறுபடி பஸ். பட்டனை அமுக்கினேன். போன் கேட்டது: அனுப்பலாமா? ஆம் என்றேன். முதல் செய்தி போனது. மறுபடி, அனுப்பலாமா? ஆம். மறுபடி. ஒன்பது தடவை கேட்டது. நின்றுகொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது தடவை ஆம் சொன்னேன். அதை மாற்ற என் கையில் ஒன்றும் இல்லை. ஊர் பேர் தெரியாதவர் எழுதிய புரோகிராமை அந்தப் போன் நம்பாது. ஆனால் கடைசி ஸ்டாப்பில் டீச்சர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. பஸ் வரும் நேரத்துக்குச் சரியாக நிதானமாக நடந்து வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனை உயர்த்திக் காட்டினார். என் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! இருபது வருஷத்தில் என் புரோகிராமைப் பயன்படுத்துகிற ஒருவரின் முகத்தை நான் பார்த்தது அப்போதுதான்.

ஒன்பது 'ஆம்' கதையைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"எல்லாருக்கும் நீங்க ஏன் சொல்றீங்க? ஸ்கூல்ல ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் போயா நான் நோட்டீஸ் சொல்றேன்? கிளாஸ் லீடர்கிட்ட சொல்லுவேன். ஸ்டாப்புக்கு ஒருத்தர் போதும் மேடம். எங்க ஸ்டாப்ல நான் வீட்டுலேர்ந்து எறங்கி நடக்கறத பால்கனியிலேர்ந்து பாத்தா, மத்தவங்க தானா எறங்கிடுவாங்க."

"டீச்சர்!" என்றேன். பையிலிருந்து பேனாவை எடுத்து, அவர் கையிலிருந்த செய்தித்தாளின் ஓரத்திலேயே எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு ஸ்டாப்பையும் தாண்டும்போது ஒரு பட்டன், ஒரு ஆளுக்கு ஒரு செய்தி, ஒரே ஒரு 'ஆம்'. புரோகிராம் பாதியாகச் சுருங்கியது.

அந்த வாரம் என் போனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. வயதான குரல், மரியாதையான இந்தி.

"பஹன்ஜி, மூன்று நாளாக எனக்கு செய்தி வருகிறது. பஸ் பால் பூத்தைத் தாண்டிவிட்டது என்று. இது எந்த பஸ்?"

பஸ்காரர் ஒருவர் என்னிடம் சொன்ன எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன், பஸ் விவரத்தைச் சொன்னேன். அவர் ரோஹிணியில் இருக்கிறாராம், நகரத்தின் மறு கோடியில்.

"அப்படியா. நான்கூட எங்கள் பக்கம் புது பஸ் விட்டிருக்கிறார்களோ என்று இரண்டு நாள் கீழே போய்ப் பார்த்தேன்" என்றார். "நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். பனி விலகும் வரை நிறுத்தாதீர்கள்."

நான் வெட்கத்தில் குன்றிப்போனேன். அன்றைக்கே எண்களைப் புரோகிராமுக்குள் எழுதுவதை விட்டுவிட்டு, போனிலேயே போட்டு மாற்றிக்கொள்ளும்படி திருத்தினேன். பெரியவர் பனியில் இரண்டு நாள் கீழே இறங்கி நின்றது மட்டும் இப்போதும் மனதில் குத்துகிறது.

பிப்ரவரியில் பனி விலகியது. யாருக்கும் செய்தி தேவைப்படவில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, அடுத்தது என்ன எழுதலாம் என்று மனம் பரபரத்துக்கொண்டிருந்தது. ஆபீசில் என் மேலதிகாரியிடம் போனில் ஓடும் புரோகிராமைக் காட்டினேன். அவர் ஒரு கோப்பைத் திறந்து ஒரு பத்தி எழுதி மேலே அனுப்பினார். அது எங்கெங்கோ போய், இரண்டு வருஷம் கழித்து, கைபேசிக்கான வேலைகளைப் பார்க்கும் சிறிய பிரிவொன்றில் என்னைப் போட்டார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன்.

ஆனால் அதற்கு முன், அடுத்த குளிர்காலத்துக்குக் கொஞ்சம் முன்பு, டிரைவர் புதுப் போன் வாங்கியிருந்தார். ஒரு சிக்னலில் பஸ் நின்றபோது திரும்பி அதை என்னிடம் நீட்டினார். "மேடம்ஜி, அந்த பஸ் சமாச்சாரத்தை இதிலும் போட்டுக் கொடுங்கள். நான் இருக்கும்போது நீங்கள் ஏன் அமுக்க வேண்டும்?"

அவர் சொன்னது நியாயம்தான். பஸ் எங்கே இருக்கிறது என்று அவரை விட யாருக்குத் தெரியும்? இதை முதலிலேயே யோசிக்காமல் போனேனே என்று இருந்தது. அவருடைய போனின் திரை என்னுடையதை விடச் சிறியது. ஸ்டாப்புக்கு ஒன்றாக இருந்த நான்கு வரிகளில் இரண்டுதான் தெரிந்தன. அவருக்கு ஆங்கிலம் படிக்கவும் சிரமம். வரிகளையெல்லாம் எடுத்துவிட்டு எண்களை மட்டும் வைத்தேன். ஸ்டாப்பில் நின்று ஆட்கள் ஏறும்போது அந்த ஸ்டாப்பின் எண்ணை அமுக்கினால் போதும். வண்டி ஓடும்போது தொடக் கூடாது என்று டீச்சர் அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். காஜிப்பூர் பக்கம் பஸ் இரவு நிற்கும் இடத்தையும், முதல் ஸ்டாப்காரர்களுக்காக, பூஜ்ஜியம் என்று ஓர் எண்ணாகச் சேர்த்துக் கொடுத்தேன்.

அந்தக் குளிர்காலத்தின் முதல் பனி நாளில் நான் வீட்டில் சால்வையைப் போர்த்திக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தேன். மேஜை மேல் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். பஸ் கிளம்பிவிட்டது என்று ஒரே ஒரு வரி. நான் எழுதிய வரிதான். வேறொருவர் கையிலிருந்து, நான் பார்க்காத இடத்திலிருந்து, பனிக்குள்ளே கிளம்பி எனக்கே வந்திருந்தது.

"என்ன, பஸ் வந்துட்டா?" என்று கணவர் கேட்டார்.

"கிளம்பிட்டாம்" என்றேன். காபியை அப்படியே வைத்துவிட்டு, இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது என்று தெரிந்தும், படியில் ஓடி இறங்கினேன்.